ஏழாண்டுச் சிறை யாருக்கு?



2025 ஜனவரி மாதத்தை நம் கடற்கரைப் பங்குகளில் வாழ்வோர் எளிதில் மறந்திருக்க மாட்டார்கள். காலைத் திருப்பலி முடிந்து மெரினாவுக்கும் பட்டினப்பாக்கத்துக்கும் எலியட்ஸ் கடற்கரைக்கும் நடக்கச் சென்றவர்கள் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு திரும்பினார்கள். மணலில் நாள்தோறும் செத்த ஆமைகள் ஒதுங்கிக்கொண்டிருந்தன. மீனவர்கள் பங்குனி ஆமை என்றும், அறிஞர்கள் ஆலிவ் ரிட்லி என்றும் அழைக்கும் கடலாமைகள் அவை. கண்கள் பிதுங்கி, கழுத்து வீங்கிக் கிடந்தன. சென்னை, திருவள்ளூர், செங்கல்பட்டு மாவட்டக் கரைகளில் அந்தப் பருவத்தில் ஒதுங்கியவை ஆயிரத்தைத் தாண்டிவிட்டன என்று செய்தித்தாள்கள் எழுதின.

அந்த மாதத்தின் ஒரு ஞாயிறு, இரண்டாம் திருப்பலிக்குப் பின் ஆலய முற்றத்தில் சிலர் இதைப் பற்றிப் பேசிக்கொண்டு நின்றார்கள். வங்கியில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர் சற்று உரக்கவே சொன்னார்: "ஃபாதர், ஆமையைக் கொன்னா ஏழு வருஷம் ஜெயில்னு சட்டம் இருக்கு. இவங்கள்ல ரெண்டு பேரைத் தூக்கி உள்ள போட்டா எல்லாம் சரியாயிடும்." 'இவங்க' என்று அவர் கை காட்டிய பக்கத்தில், குப்பத்திலிருந்து வந்த ஃபைபர் படகு மீனவர் ஒருவர் மனைவி பிள்ளைகளோடு நின்றிருந்தார். அவர் கோபப்படவில்லை. "ஆமை செத்தா எங்களுக்கும்தான் சார் வயிறு எரியுது. யாரு கொன்னாங்கன்னு எங்களுக்குத் தெரியும். எங்களை யாரு கேக்குறா?" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அடுத்த இரண்டு ஞாயிறுகள் அந்தக் குடும்பத்தை நான் ஆலயத்தில் பார்க்கவில்லை.

அந்தப் பெரியவர் சொன்னதில் சட்டம் சரி, கை காட்டிய திசைதான் தவறு. அது எப்படி என்பதைத்தான் இங்கே உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

சட்டம் சொல்வது

நம் நாட்டின் வனஉயிரினப் பாதுகாப்புச் சட்டம் 1972-இல் இயற்றப்பட்டது. புலிக்கும் யானைக்கும் கிண்டிப் பூங்காவில் துள்ளும் வெளிமானுக்கும் என்ன பாதுகாப்போ, அதே பாதுகாப்பு கடலாமைக்கும் உண்டு. அதன் பெயரும் முதல் அட்டவணையில்தான் இருக்கிறது. இந்தச் சட்டத்தில் 'வேட்டை' என்ற சொல்லுக்குப் பொருள் மிக விரிவானது. துப்பாக்கியால் சுடுவது மட்டுமல்ல. பிடிப்பதும், வலையில் சிக்கவைப்பதும், காயப்படுத்துவதும், அப்படிச் செய்ய முயல்வதும் வேட்டையே. ஊர்வனவற்றின் முட்டையைச் சேதப்படுத்துவதும் வேட்டையே. முதல் அட்டவணை விலங்கை வேட்டையாடினால் குறைந்தது மூன்று ஆண்டுச் சிறை, ஏழு ஆண்டுகள் வரை நீளலாம். கூடவே அபராதம்: முன்பு குறைந்தது 10,000 ரூபாயாக இருந்தது, 2022-இல் வந்த திருத்தத்தின்படி 25,000 ரூபாய் ஆகிவிட்டது. அத்திருத்தம் 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. சிறிய குற்றங்களில் அதிகாரியிடம் தொகை கட்டி வழக்கை முடித்துக்கொள்ள வழி உண்டு. குறைந்தபட்சச் சிறை விதிக்கப்பட்ட குற்றங்களுக்கு அந்த வழியும் இல்லை.

இதற்கு மேல் கடுமை வேண்டும் என்று கேட்பவர்களை எனக்குப் புரியவில்லை. ஏட்டில் இருக்கும் கடுமையே போதுமானது.

நான் தெற்குக் கடற்கரை ஊர் ஒன்றில் பிறந்தவன். என் சிறுவயதில் ஆமை முட்டையைக் கூடையில் வைத்து விற்பார்கள். பாட்டி அவித்துத் தந்ததைத் தின்றிருக்கிறேன். எவ்வளவு வேகவைத்தாலும் வெள்ளைக்கரு கெட்டியாகாது என்பதுதான் எங்களுக்கு அதில் வேடிக்கை. அது குற்றம் என்று வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. இன்று சென்னைக் கரையில் முட்டை விற்பவரைத் தேடினாலும் காண்பது அரிது. மாறாக, ஜனவரி முதல் ஏப்ரல் வரை நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் வரை இரவெல்லாம் நடந்து, முட்டைகளைச் சேகரித்துப் பொரிப்பகத்தில் சேர்க்கும் இளைஞர்கள் இருக்கிறார்கள். மாணவர் கடலாமைப் பாதுகாப்பு அமைப்பு 1988 முதல் இதைச் செய்கிறது. எழுபதுகளின் தொடக்கத்திலேயே ராமுலஸ் விட்டேக்கரும் பாம்புப் பண்ணை நண்பர்களும் இந்த நடையைத் தொடங்கிவிட்டார்கள். ஆகவே சட்டம் கரையில் தோற்றுவிட்டது என்று சொல்ல முடியாது. கரையில் அது பெருமளவு வென்றிருக்கிறது.

கூண்டுக் கிளி

இன்னொரு காட்சி. சில ஆண்டுகளுக்கு முன் மந்தைவெளியில் ஒரு வீட்டை மந்திரிக்கப் போயிருந்தேன். தீர்த்தம் தெளித்துக்கொண்டே பின்கட்டுக்குப் போனபோது, துணி போட்டு மூடிய கூண்டிலிருந்து "வாங்க ஃபாதர்" என்று ஒரு குரல் வந்தது. பச்சைக்கிளி. கணவர் இறந்தபின் தனியாக வாழும் அந்த அம்மாவுக்கு அதுதான் பேச்சுத்துணை. இறக்கை வெட்டப்பட்டிருந்தது. நம் நாட்டுக் கிளியை வீட்டில் அடைத்து வளர்ப்பது குற்றம் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் ஒன்றும் சொல்லாமல் காபி குடித்துவிட்டு வந்துவிட்டேன்.

2023 பிப்ரவரியில், சென்னையில் ஒரு திரைப்பட நகைச்சுவை நடிகர் வீட்டில் இரண்டு அலெக்சாண்டரின் கிளிகள் இருந்ததற்காக வனத்துறை இரண்டரை லட்சம் ரூபாய் அபராதம் விதித்தது. அதன்பின் அந்த அம்மா பயந்துபோய் என்னிடம் வந்தார். "கிண்டி வனத்துறை அலுவலகத்தில் ஒப்படைத்துவிடுங்கள் அம்மா, நானும் வருகிறேன்" என்றேன். இருவரும் ஆட்டோவில் போனோம். திரும்பி வரும்போது அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. நான் முதல் நாளே சொல்லியிருந்தால் அவருக்கு அது இன்னும் கொஞ்சம் எளிதாக இருந்திருக்கும்.

கிளியைப் பற்றி இங்கே ஏன் எழுதுகிறேன்? இரண்டு கிளிகளுக்கு இரண்டரை லட்சம். ஆயிரம் ஆமைகளுக்கு? சட்டத்தின் முன் ஆமை கிளியைவிட உயர்ந்த இடத்தில் இருக்கிறது. ஆனால் கிளி கூண்டில் இருக்கிறது, கூண்டு ஒரு வீட்டில் இருக்கிறது, வீட்டுக்குக் கதவு எண் இருக்கிறது, பக்கத்து வீட்டுக்காரருக்குக் காது இருக்கிறது. ஆமை சாகும் இடத்தில் இவற்றில் ஒன்றும் இல்லை.

கடலில் நடப்பது

ஆமைக்கு மீனைப்போலச் செவுள் கிடையாது. நுரையீரலால் மூச்சுவிடும் உயிர் அது. மேலே வந்து காற்றை இழுத்துக்கொண்டுதான் மீண்டும் மூழ்க வேண்டும். முட்டையிடக் கரை நோக்கி வரும் தாய் ஆமைகள் இம்மாதங்களில் நம் கரையோரக் கடலில்தான் கூடியிருக்கும். அதே இடத்தில்தான் இறாலும் மீனும் மிகுதி. இழுவைப் படகு தன் மடிவலையைக் கடலடியில் போட்டு மணிக்கணக்காக இழுத்துச் செல்லும். உள்ளே போன ஆமை மேலே வர முடியாமல் மூச்சடைத்துச் சாகும். வலையை மேலே தூக்கும்போது மீனைப் பிரித்தெடுத்து, ஆமையைக் கடலில் தள்ளிவிடுவார்கள். அது ஊதி, மிதந்து, சில நாள் கழித்து எங்கோ ஒரு கரையில் ஒதுங்கும். அதன் முதுகில் எந்தப் படகின் எண்ணும் எழுதியிருக்காது.

இதில் எல்லா வலைகளையும் ஒரே தட்டில் வைக்கக் கூடாது. சிறு படகுகள் விடும் செவுள் வலையிலும் சில சமயம் ஆமை சிக்கும் என்பதை மீனவர்களே ஒப்புக்கொள்கிறார்கள். ஆனால் இத்தனை ஆயிரம் கிலோ எடையை அள்ளும் வலிமை இழுவை மடிக்குத்தான் உண்டு. அதனால்தான் தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம் (1983-இல் வந்தது) அடிப்படையிலான விதிகள், கரையிலிருந்து 5 கடல் மைலுக்குள், அதாவது சுமார் 9 கிலோமீட்டருக்குள், இழுவைப் படகுகள் வலை போடக் கூடாது என்கின்றன. அந்தப் பகுதி சிறு மீனவர்களுக்கு உரியது. ஆமைக்கும் கட்டுமரக்காரருக்கும் ஒரே எல்லைக்கோடுதான் பாதுகாப்பு என்பதை நம் அடுக்குமாடி அன்பர்கள் கவனிக்க வேண்டும். அந்தக் கோட்டைத் தாண்டி இழுவைப் படகு உள்ளே வரும்போது, ஆமையும் சாகிறது, குப்பத்து மீனவரின் வலையும் அறுந்து போகிறது. முற்றத்தில் நின்ற அந்தச் சகோதரர் "யாரு கொன்னாங்கன்னு தெரியும்" என்று சொன்னதன் பொருள் இதுதான்.

இழுவைப் படகில் வேலை செய்பவர்களும் ஏழைகளே என்பதையும் மறக்கக் கூடாது. பங்குக் கூலிக்குப் போகிறவர்கள். படகின் சொந்தக்காரர் பெரும்பாலும் கரையில் இருப்பார். ஏழாண்டுச் சிறை என்று ஒன்று விழுந்தால், அது வலையை இழுத்த கைமீதுதான் விழும்.

வழக்கறிஞராக இருக்கும் நண்பர் ஒருவரிடம் கேட்டேன். அவர் சொன்னது எளிமையாக இருந்தது. "நான் மீன் பிடிக்கப் போனேன், ஆமை தானாக வந்து விழுந்தது, கொல்ல நினைக்கவில்லை" என்பார்கள். எந்தப் படகு, எந்த நாள், எந்த இடம் என்பதை நிரூபிக்க வேண்டும். தண்டனை பெரிதாக இருக்கும் அளவுக்குச் சாட்சியமும் உறுதியாக இருக்க வேண்டும் என்று நீதிமன்றம் எதிர்பார்க்கும். ராஜஸ்தானில் நடிகர் சல்மான் கான் மீதான வெளிமான் வழக்கை நினைத்துப் பாருங்கள். 1998-இல் நடந்த நிகழ்வுக்கு 2018-இல்தான் ஐந்தாண்டுச் சிறைத் தீர்ப்பு வந்தது. இரண்டே நாளில் ஜாமீன் கிடைத்தது, மேல்முறையீடும் போனது. அங்கே நிலத்தில் நடந்தது, நேரில் பார்த்த கிராம மக்கள் சாட்சி சொன்னார்கள். அதற்கே இருபது ஆண்டுகள்!

முட்டும் மாடு

'கொல்ல நினைக்கவில்லை' என்ற வாதத்தைக் கேட்டபோது எனக்கு விடுதலைப் பயண நூலின் 21-ஆம் அதிகாரம் நினைவுக்கு வந்தது. குருமடத்தில் அறநெறி இறையியல் சொல்லித் தந்த பேராசிரியர் இதை அடிக்கடி எடுப்பார். ஒருவருடைய மாடு ஒரு மனிதரை முட்டிக் கொன்றுவிட்டால் மாட்டுக்குத்தான் தண்டனை, உரிமையாளர் குற்றமற்றவர். ஆனால் அந்த மாடு முன்பே முட்டும் பழக்கம் உள்ளது, உரிமையாளரை எச்சரித்தும் இருக்கிறார்கள், அவர் கட்டிவைக்கவில்லை என்றால், குற்றம் அவருடையது. கொல்ல எண்ணினாரா இல்லையா என்ற கேள்வியே அங்கு எழவில்லை. எச்சரிக்கப்பட்டாரா, கட்டிவைத்தாரா என்பது மட்டுமே கேள்வி.

இழுவை மடி முட்டும் மாடு என்பது எல்லாருக்கும் தெரியும். கட்டிவைக்கும் கயிறும் இருக்கிறது. வலையின் கழுத்தில் ஒரு கம்பிச் சட்டத்தைப் பொருத்தினால் இறாலும் மீனும் கம்பிகளுக்கு இடையே உள்ளே போகும். ஆமை சட்டத்தில் மோதி, அருகில் விட்டிருக்கும் திறப்பு வழியாக வெளியேறிவிடும். கொச்சியிலுள்ள மத்திய மீன்பிடித் தொழில்நுட்ப நிறுவனம் நம் வலைகளுக்கேற்ப இதை வடிவமைத்துத் தந்து பல ஆண்டுகள் ஆகின்றன. மீனும் கொஞ்சம் அந்த வழியாகத் தப்பிவிடுகிறது என்பது படகுக்காரர்களின் குறை. அதில் உண்மை இல்லாமல் இல்லை. டீசல் விலைக்கு ஒவ்வொரு கிலோவும் கணக்குதான்.

இந்தக் கருவிக்காக உலகமே வழக்காடியது பலருக்குத் தெரியாது. ஆமை தப்பிக்க வழியில்லாத வலையில் பிடித்த இறாலை வாங்க மாட்டோம் என்று அமெரிக்கா 1989-இல் சட்டம் போட்டது. இந்தியா, மலேசியா, பாகிஸ்தான், தாய்லாந்து நான்கும் உலக வர்த்தக அமைப்பில் முறையிட்டன. அமெரிக்கா அதை நடைமுறைப்படுத்திய விதம் பாகுபாடானது என்று 1998-இல் தீர்ப்பு வந்தது. ஆனால் ஆமையைக் காக்க ஒரு நாடு இப்படிச் சட்டம் செய்யலாம் என்பதை அத்தீர்ப்பு மறுக்கவில்லை. பிறகு 2019-இல் இந்தியாவில் கடலில் பிடித்த இறாலை இறக்குமதி செய்வதை அமெரிக்கா நிறுத்தியது. ஏழாண்டுச் சிறை பயமுறுத்தாத பலரை அந்தத் தடை பயமுறுத்தியது. பக்தி இல்லாத இடத்தில் பணம் வேலை செய்கிறது என்று ஒரு மீன் ஏற்றுமதியாளர் என்னிடம் சிரித்துக்கொண்டே சொன்னார்.

ஆகவே என் கருத்து இதுதான். ஏழாண்டுச் சிறை சட்டத்தில் இருக்கட்டும். வேண்டுமென்றே கொல்பவனுக்கும் கடத்துபவனுக்கும் அது தேவை. ஆனால் நம் கரையில் ஒதுங்கும் ஆமைக்கு அது உதவாது. 5 கடல் மைலுக்குள் வந்தாயா, வலையில் கருவி இருந்ததா என்ற இரண்டு கேள்விகளே போதும். இவற்றை நிரூபிக்கச் செத்த ஆமை தேவையில்லை. தண்டனையும் சிறையாக இருக்க வேண்டியதில்லை. மானிய டீசல் ஒரு பருவத்துக்கு நின்றால், உரிமம் சில மாதம் முடங்கினால், அடி சரியான ஆளுக்கு, கரையில் இருக்கும் சொந்தக்காரருக்கு, போய்ச் சேரும். இஸ்ரோ உருவாக்கிய டிரான்ஸ்பாண்டர் கருவிகளை நம் மாநில விசைப்படகுகளில் அரசு பொருத்தியிருக்கிறது. புயல் எச்சரிக்கைக்காகத் தந்த அதே கருவி, படகு எங்கே நிற்கிறது என்பதையும் சொல்லும். அதை அணைத்து வைப்பதைக் குற்றமாகப் பாவித்தால் பாதி வேலை முடிந்தது.

2025-இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு தானாகவே இதை வழக்காக எடுத்துக்கொண்டது. அந்தத் தீர்ப்பாயம் இயங்குவது சேப்பாக்கத்தில், கடலுக்கு எதிரே. மீன்வளத்துறை ஒரு சட்டத்தையும் வனத்துறை இன்னொரு சட்டத்தையும் கையில் வைத்திருக்க, கடலோரக் காவல்படையிடம் படகு இருக்கிறது. மூன்றும் ஒரே இரவில் ஒரே இடத்தில் இருந்தால்தான் ஒரு வழக்கு உருவாகும்.

தவக்காலத்து இறால்

மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15-இல்தான் தொடங்குகிறது. ஜூன் 14 வரை 61 நாட்கள். ஆமைகள் வருவதோ ஜனவரி முதல் ஏப்ரல் வரை. அந்த மாதங்களில்தான் நம் தவக்காலமும் வருகிறது. வெள்ளிக்கிழமை இறைச்சியை விட்டுவிட்டு மீனும் இறாலும் வாங்கி நோன்பைச் சிறப்பிக்கும் நமக்கு இதில் கொஞ்சம் பங்கு உண்டு என்று சொன்னால் கோபித்துக்கொள்ளாதீர்கள். இறால் தொக்கு சாப்பிட்டு ஒறுத்தல் செய்தோம் என்று சொல்லிக்கொள்வதை நான் எப்போதுமே கொஞ்சம் சந்தேகத்தோடுதான் பார்த்திருக்கிறேன். லூப் சாலை அங்காடியிலோ ஊரூர் குப்பத்திலோ அன்று காலை கரைக்கு வந்த சிறு படகின் மீனை எடுத்தால், விலை சற்றுக் கூடும், வகை சற்றுக் குறையும். "எந்தப் படகு மீன்மா இது?" என்று கேட்டுப் பாருங்கள்; அந்த அம்மாக்கள் பெருமையோடு சொல்வார்கள்.

சட்டம் ஏழைகளைக் குற்றவாளிகளாக்கிவிட்டு விலகிக்கொண்ட கதையும் நம் ஊர் அருகிலேயே உண்டு. பாம்புத் தோல் ஏற்றுமதி 1976-இல் முற்றாக நின்றபோது, அதை நம்பி வாழ்ந்த இருளர்கள் தெருவுக்கு வந்தார்கள். ஆனால் அங்கே கதை நிற்கவில்லை. 1978-இல் அவர்களுக்கென்று ஒரு கூட்டுறவுச் சங்கம் தொடங்கப்பட்டது. பாம்பைக் கொல்லாமல் பிடித்து, விஷத்தை எடுத்து, மீண்டும் காட்டில் விடும் தொழிலாக அது மாறியது. அந்த விஷத்திலிருந்துதான் பாம்புக்கடி மருந்து தயாராகிறது. 2023-இல் இரண்டு இருளர்கள் பத்மஸ்ரீ விருது பெற்றார்கள். சட்டத்தோடு ஒரு பிழைப்பும் சேர்ந்து வந்ததால் இது நடந்தது. மீனவர் குப்பங்களுக்கும் அரசு அப்படி ஒன்றை யோசிக்கலாம்; காவலுக்குக் கூலி என்பதுபோல.

இனி அந்த மீனவச் சகோதரரிடம் வருகிறேன். மூன்றாவது வாரம் நானே குப்பத்துக்குப் போய் அவரைப் பார்த்தேன். அறுந்த வலையைத் தைத்துக்கொண்டிருந்தார். தன் கைபேசியை எடுத்துக் காட்டினார். விடியலில் எடுத்த படம், கொஞ்சம் ஆடியிருந்தது. ஒரு பெரிய இழுவைப் படகு, பின்னால் மங்கலாகக் கரையின் விளக்குகள். பக்கவாட்டில் எழுதிய பதிவு எண்ணில் கடைசி இரண்டு இலக்கம் தவிர மற்றவை தெரிந்தன.

வனஉயிரினச் சட்டத்தின் 55-ஆவது பிரிவின்படி எந்தக் குடிமகனும், அறுபது நாள் முன்னறிவிப்பு கொடுத்துவிட்டு, தானே நீதிமன்றத்தில் புகார் செய்யலாம் என்று நான் படித்திருந்தேன். அதை அவரிடம் சொன்னேன். ஊசியைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"எழுதலாம் ஃபாதர். எம் பேரைப் போட்டு எழுதலாம். நாளைக்கு நடுக்கடல்ல அவனும் நானும் மட்டும் இருப்போம். அப்ப அந்தச் சட்டம் எங்க இருக்கும்?"

நான் எழுதித் தருகிறேன், பங்குத்தந்தை என்ற முறையில் நானே கையெழுத்துப் போடுகிறேன் என்றேன். "நீங்க பாக்கலியே ஃபாதர்" என்றார். உண்மைதான். அன்றிரவு மீன்வளத்துறைக்கு ஒரு கடிதம் எழுதினேன். யார் பெயரும் போடவில்லை. இடம், நேரம், திசை மட்டும் குறிப்பிட்டு, இரவு ரோந்து வேண்டும் என்று கேட்டேன். அந்தப் படம் இன்னும் அவருடைய கைபேசியில்தான் இருக்கிறது.